வெட்டியும் போகாத முகங்கள்

திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து சூடான தாள் வாசம் வந்தது. நடை நின்றுபோனது. உன் கடை வாசம் அது. உன் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எனக்கு எழுத வராதென்று உனக்குத் தெரியும். போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

எங்கள் கரையில் லாரி லாரியாகக் கழிவைக் கொட்டினார்களே, கருவாடு காயப்போடும் மணலெல்லாம் கறுப்புச் சேறாகிப்போனதே. பெண்களெல்லாம் லாரியை மறித்து நின்றார்கள். நான் போனில் படம் எடுத்தேன். நான் படமெடுக்கப் படித்தது தனிக்கதை. ஆரம்பத்தில் என் கட்டைவிரல்தான் எல்லாப் படத்திலும் இருக்கும்.

அந்தப் படங்களை வைத்து நீதான் உன் கடைக் கம்ப்யூட்டரில் மனு அடித்தாய். லாரிக்காரர்கள், ஏற்கெனவே கேள்வி கேட்ட ஒருவரின் மீன்வலையைக் கொளுத்தியவர்கள். மனு போகிற ஆபீசிலும் அவர்களுக்கு ஆள் உண்டென்று ஊரே சொல்லும். அதனால் ஒவ்வொரு படத்திலும் முகம் இருக்கும் பக்கத்தை வெட்டினாய். லாரியும் நம்பரும் மட்டும் மிஞ்சின. மனுவை மெயிலில் அனுப்பினால் போகவேயில்லை.

“ஏளா, கடலையே புடிச்சுக் கொண்டாந்தியா? இம்புட்டுக் கனக்கு,” என்றாய்.

ஒரு படத்தைத் தொட்டு, வெட்டுகிற பட்டனை அமுக்கி ஓரத்தை இழுத்தாய். வெட்டிப்போட்ட என் மகள் மெர்சி, இடுப்பில் கூடையோடு திரும்ப வந்து நின்றாள்.

உன் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. “வெட்டுனது எங்கயும் போகலளா. உள்ளதான் மறைஞ்சு கெடக்கு. அதான் இந்தக் கனம்.”

“அப்ப இது போயிருந்தா?”

“அங்கன எவனாவது இப்படி இழுத்தா அம்புட்டுப் பேரும் வெளிய வந்துருவாவ.”

நீ படங்களைச் சுருக்குகிற ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ என்ற இடத்துக்குப் போனாய். வெட்டிய பாகத்தை அழிக்கச் சொல்லி டிக் போட்டாய். ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்றிருந்த டிக்கை எடுத்தாய். அதை விட்டால் மற்ற படங்களில் முகங்கள் அப்படியே கிடக்கும் என்றாய். லாரி நம்பர் கலங்காத அளவுக்குத்தான் படத்தைச் சுருக்கினாய். ஒவ்வொரு படமாக மறுபடி இழுத்துப் பார்த்தோம். ஓரத்தில் வெறும் வெள்ளை. இப்போது மெயில் போய்விட்டது.

“படம் எடுத்தது யாருன்னு கேட்டா எம்பேரச் சொல்லு. எனக்கென்ன, புள்ளையா குட்டியா,” என்று சிரித்தாய்.

லாரி நின்றுபோனது. மழைக்காலத்துக் காய்ச்சலில் நீயும் போய்விட்டாய்.

நேற்று லாரிக்காரர்களின் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். “படம் எடுத்தது யாருக்கா? சும்மாதான் கேக்கோம்,” என்றான் ஒருவன். வீட்டுக்குள் மெர்சி இருந்தாள். உன் பேர் நாக்கு வரைக்கும் வந்தது. செத்தவளை இவர்கள் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் அவர்கள் வாயில் உன் பேர் போய் விழுவதை என்னால் பார்க்க முடியாது.

“நாந்தான்,” என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. மெர்சியை பஸ் ஏற்றி அவள் மாமியார் ஊருக்கு அனுப்பிவிட்டேன். வாசலில் எந்த வண்டி நின்றாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் பேரை மட்டும் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.