இஞ்சித் தண்ணீரும் இரண்டு கட்சியும்

எடியே,

இன்று காலை போர்கோ வெக்கியோப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பில் இஞ்சி அவிந்துகொண்டிருந்தது. அந்த மணத்தோடு நீ வந்து முன்னால் நின்றுவிட்டாய்.

நீயும் இப்படித்தான் வயிறு ஊதுகிறதென்று மாதக்கணக்காக இஞ்சித் தண்ணீர் குடித்தாய். "காஸ்தானடி, மிஸிக்குத் தெரியாதே?" என்று என்னையே நக்கல் அடித்தாய். யாழ்ப்பாணத்தில் ஒன்றாகத் தாதிப் பயிற்சி எடுத்தோம், இங்கே பலெர்மோவில் ஒன்றாக வீடு துடைத்தோம், இத்தாலியப் பதிவு வாங்கி ஒன்றாகவே மறுபடி மிஸி ஆனோம். உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் முற்றத்தில் சனம் உன்னைச் சுற்றி நிற்கும். ஒருவர் மருந்துக் குளிசைப் பெட்டியை நீட்டுவார், ஒருவர் வீங்கின காலைக் காட்டுவார்.

"இன்னும் கொஞ்சம் மேலாலை படிப்பிச்சு விட்டால் நாங்களே பாத்து மருந்து எழுதலாம். டொக்டரை ஏன் காத்துக்கொண்டு நிக்க வேணும்?" என்பாய்.

"எங்களுக்கு என்ன தெரியாதெண்டே எங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தானே அவங்கள் அவ்வளவு காலம் படிக்கிறாங்கள்" என்பேன் நான். வுச்சீரியாச் சந்தை வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே நடப்போம். அங்கே கடலைமாப் பொரியல் வாங்கித் தின்றால் கோபம் ஆறிவிடும்.

கடைசியில் நான் ஏசித்தான் நீ டொக்டரிடம் போனாய். அவரும் உன்னைத் தொடாமலே காஸ் என்று சொல்லிக் குளிசை எழுதினார். உன் கட்சியும் வெல்லவில்லை, என் கட்சியும் வெல்லவில்லை. உள்ளே இருந்த கட்டி மட்டும் வளர்ந்தது.

"டொக்டர் பிழைவிட்டால் 'நோய் அப்பிடி' எண்டுவாங்கள். மிஸி பிழைவிட்டால் 'ஆர் உன்னைத் தொடச் சொன்னது' எண்டுவாங்கள்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சிரித்தாய். "என்னை ஒருத்தரும் தொடேல்லையடி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

நேற்று வேலையிடத்துக் கூட்டத்திலும் அதே சண்டை. தாதியர் தனியாக நோயாளரைப் பார்க்கலாமா, எவ்வளவு படித்தால் போதும்? இளம் தாதி ஒருத்தி உன்னைப்போலவே கதைத்தாள், வயதான டொக்டர் ஒருவர் என்னைப்போலவே கதைத்தார். என் கருத்தைக் கேட்டார்கள். களைத்துப்போயிருந்தேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ போனபிறகு இரண்டு பக்கத்தையும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டியிருக்கிறது.

இன்றும் இஞ்சி அவித்த அந்த வீட்டுக்காரியின் புருஷனுக்குக் கால் புண் கட்டத்தான் போனேன். அவள் நம் கோயிலுக்கு வருகிறவள், லிபெர்த்தாப் பக்கம் வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருத்தியைப் பராமரிக்கிறாள்.

"மிஸி, காஸுக்கு ஒரு குளிசையின்ரை பேர் சொல்லுங்கோவன். டொக்டரிட்டைப் போக லீவில்லை" என்றாள்.

எனக்குக் கால் கடுத்தது. போகவேண்டிய வீடுகள் இன்னும் இருந்தன. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கலாம்.

"படுங்கோ. வயித்தைக் காட்டுங்கோ."

விலாவுக்குக் கீழே கட்டியாக ஏதோ தட்டுப்பட, என் கை நின்றுவிட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. காஸ் இல்லை என்று தெரியும்.

"நாளைக்கு டொக்டரிட்டைப் போறம். நானும் வாறன்" என்றேன்.

"உங்களுக்கேன் கரைச்சல், மிஸி? நான் போவன்."

"ஓம், போவியள். அவர் உங்கடை வயித்தைத் தொடுமட்டும் நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்."