அண்ணிக்குப் பொருந்தும் ஆங்கிலச் சொற்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் சேட்டைக்கார மகள், நம் 'வாலு'க்கு, முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. விழுந்த இடத்தைக் காட்டுவதற்காகவே, கேட்காத கேள்விக்கெல்லாம் சிரிக்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நம் கட்டடத்து லிஃப்ட் முனகினால் அவருக்குப் பொறுக்கவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "முதல்ல அதுக்கு எண்ணெய் போடச் சொல்லு, என் காலை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

நீங்கள் கேட்ட ஆங்கிலக் கடிதம் இத்துடன் இருக்கிறது. தனியாக நின்று பிள்ளை வளர்க்கிற நிதானமும் நடைமுறை அறிவும் உங்களுக்கு உண்டு என்று கணவர் வீட்டார் எழுதிக் கொடுத்தால்தான் வாலை அங்கே உங்களோடு வைத்துக்கொள்ள, நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் அதிகாரிகள் அனுமதிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. 'சென்சிபிள்' மழை வருமுன் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுகிறவள். 'ப்ரூடன்ட்' நாளை மழை வரலாம் என்று இன்றே துவைத்து முடிக்கிறவள். 'ஷ்ரூட்' கெட்டிக்காரிதான், ஆனால் கடைக்கண்ணில் கொஞ்சம் தந்திரம். அவளை அதிகாரிகள் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. அவரோ, "நல்லதா நாலு வார்த்தை எல்லாம் எனக்கு வராது. குறை வேணும்னா சொல்றேன், எழுதிக்கோ" என்றார். வால் போய்விட்டால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

"கஞ்சப் பிசினாறி. விளக்கை அணைக்காம அடுத்த ரூமுக்குப் போக மாட்டா" என்றார். ப்ரூடன்ட் என்று எழுதினேன். "டாக்டரே சொன்னாலும் ரெண்டு கேள்வி கேக்காம மாத்திரை வாங்க மாட்டா" என்றார். சென்சிபிள். "அழுத்தக்காரி. எதைக் கேட்டாலும் யோசிச்சு நாளைக்குச் சொல்றேம்பா" என்றார். அதற்கு 'ஜுடீஷியஸ்' இருந்தது. சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறவளுக்கான சொல்.

பிறகு, "கல்நெஞ்சுக்காரி. உங்கண்ணன் விழுந்த அன்னிக்கு அவ முதல்ல அடுப்பைத்தான் அணைச்சா" என்றார். நான் எழுதாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார். "அப்புறம் குழந்தையை எதிர்வீட்டுல விட்டா, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா, ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்தா. லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்களை எத்தனை பேரை நான் வெளிய எடுத்திருக்கேன். அன்னிக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்."

'லெவல்ஹெடட்' என்று எழுதினேன். எந்த நேரத்திலும் பதறாதவள்.

மறுநாள் காலை அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் படித்துவிட்டு, "என்ன சார், மருமகளைத் தலையில தூக்கி வெச்சிருக்கீங்களே!" என்றாராம். திரும்பி வந்தவர், "நான் திட்டினதை எல்லாம் என்னடி பண்ணே?" என்று கேட்டார். "நீங்க சொன்னதைத்தான்ப்பா எழுதினேன்" என்றேன்.

தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். "தாத்தா, விமானத்துல ஜன்னலைத் திறக்கலாமா?" என்று வால் கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

"இது பொய்" என்றார் கடைசியில். "இவ்வளவு புத்தி இருக்கிறவ, இதயம் பலவீனம்னு தெரிஞ்சே அவனைக் கட்டிக்கிட்டிருப்பாளா? நானே கூப்பிட்டுச் சொன்னேன், வேண்டாம்மா, நல்லா யோசிச்சுக்கோன்னு. கேட்டாளா? அதையும் எழுது."

அவர்கள் கேட்டது நிதானத்தைப் பற்றி, இதை எழுதினால் உங்களுக்குத்தான் பாதகம் என்று எவ்வளவோ சொன்னேன். எழுதினால்தான் கையெழுத்து என்றுவிட்டார். அச்சகத்துப் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், அண்ணி. அதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. அதனால் வாக்கியமாகவே எழுதினேன்: 'எங்கள் மகனின் இதயம் பலவீனமானது என்று தெரிந்தே அவனை மணந்தாள். அவன் அதிகம் சிரித்தது அந்த வருடங்களில்தான்.' இரண்டாவது வாக்கியம் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அதன் கீழே, அடுத்த பக்கத்தில் தடம் விழும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

வாலை அழைத்துவர விமான நிறுவனமே ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பும், நீங்களே வருவது வீண் செலவு, விடுப்பும் கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனாலும் நீங்களே வாருங்கள். வந்த கையோடு திரும்பாமல் ஒரு வாரமாவது எங்களோடு இருங்கள். அப்பா வாய்விட்டுக் கேட்க மாட்டார். நேற்று உங்கள் அறை ஜன்னல் கொக்கியைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை. நான் எழுதியனுப்பும் அத்தனை சொற்களையும் அந்த ஒரு வாரம் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அண்ணி.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் நாத்தனார்