பள்ளிக்கூடத்தில் குறைத்த மூன்று வயது

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போன வாரம் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மூளைச் சோதனை வைத்தார்கள். திரையில் நீல வட்டம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், சிவப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி நம் வேகத்தை அளந்து, நம் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறது. பதினெட்டு வருஷம் இரும்பு தூக்கியவனுக்கு வட்டம் காட்டிப் பரீட்சை!

“நாப்பத்தெட்டு வயசுக்கு இது கம்மிங்க. அம்பது தாண்டினவர் எடுத்திருந்தா பாஸு,” என்றார் சோதனை நடத்தியவர்.

எனக்கு ஐம்பத்தொன்று, அப்பா. நாக்கு நுனி வரை வந்தது. நாற்பத்தெட்டு என்று சொல்லும் பாஸ்போர்ட் அவர் கையில் இருந்ததால் விழுங்கிவிட்டேன். அரசாங்க வேலை கிடைத்தால் மூன்று வருஷம் கூடப் பார்ப்பான் என்று பள்ளிக்கூடத்தில் வயதைக் குறைத்துக் கொடுத்தீர்களே, எங்கே அந்த வேலை? உங்கள் கெட்டிக்காரத்தனத்தால் நான் கிரேனை விட்டு இறங்கி, கீழே நின்று சுமைகளுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் மறுசோதனை. கவலைப்படாதீர்கள்.

உங்கள் தைலத்தில் ஒரு புட்டி அனுப்புங்கள். எனக்கும் முழங்கால் பிடிக்கிறது.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. அம்மாவிடம் காரணம் சொல்லாமல் கேட்டு, நான் பிறந்த நிஜத் தேதியை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். இங்கே யாரிடமும் காட்ட முடியாது. வருஷத்தில் அந்த ஒரு நாளாவது என் நிஜ வயதில் இருந்துகொள்கிறேன்.

உங்கள் மூத்த மகன்