பத்து நிமிடத்துக்கு ஒரு வார்த்தை

கண்ணா,

டாக்டர் பத்து நிமிடம் டச்சில் பேசுவார். நீ என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லம்மா" என்பாய். டச்சு ரொம்ப வளவளப்பான மொழி போலும் என்று நானும் நம்பினேன்.

மொழி வகுப்பில் இப்போது கேள்வி கேட்கச் சொல்லித்தருகிறார்கள். பஸ் எப்போது வரும், கடை எங்கே இருக்கிறது, லீவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. நேற்று நீ வேலைக்குப் போனபின் தனியாக டாக்டரிடம் போனேன். கடைசிக் கேள்வியில் 'லீவுக்கு' என்பதை எடுத்துவிட்டு, 'எனக்கு' என்று போட்டுக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார். நான் அழவில்லை. புரியாத இரண்டு வார்த்தைகளை எழுதித் தரச் சொன்னேன்.

உன்மேல் கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை நான் மட்டும் உள்ளே போகிறேன். நீ வெளியே உட்கார். வந்ததும், "என்னம்மா சொன்னாங்க?" என்று கேள். ஒண்ணுமில்லை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உன் அம்மா