கங்கைச் சொம்பில் இறங்கிய கம்பி

8 ஏப்ரல் 2007, ஞாயிறு

எழுதினாலாவது இந்தக் கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் சேலையூர் ஃபிளாட்ஸ் சங்கக் கூட்டம். கிணற்றை மூடிக் கார் ஷெட் போட வேண்டுமாம். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று காட்ட, செயலாளர் சத்யநாராயணன் கூடவே தண்ணீர் மெஷின் விற்கும் டை கட்டிய ஆளையும் கூட்டி வந்தார். ஒரு டம்ளரில் மெஷின் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் கம்பியை இறக்கிக் கரண்ட் விட்டான். கிணற்றுத் தண்ணீர் மட்டும் சேறாகிவிட்டது.

"பாருங்க சார், இதைத்தான் உங்க பசங்க குடிக்கிறாங்க."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எழுந்து சொன்னேன்: அது அழுக்கில்லை, உன் இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்பிருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். மெஷின் தண்ணீரில் உப்பே இல்லை, சும்மா நிற்கிறது.

"ரோஹிணி மேடம், இது கிளாஸ் ரூம் இல்ல" என்றார் செயலாளர். ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார்! அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு.

9 ஏப்ரல்

பள்ளி லேபில் நானே சோதித்தேன். கொஞ்சம் கடினத்தண்ணீர், பருப்பு வேக நேரமாகும். காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நம்மாத்துக்கு மெஷின் ஆர்டர் குடுத்தாச்சு" என்கிறார். 2004 கோடையில் தண்ணீர் லாரி வராதபோது இதே கிணற்றடியில் குடத்தோடு வரிசையில் நின்றவர்தான். அதற்குள் மறந்துபோச்சா?

11 ஏப்ரல்

டியூஷனில் பாடம் எடுக்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. தண்ணீர் மூலக்கூறு நேராக இல்லாமல் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். அதனால்தான் உப்பைப் பிரித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அது கரைக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏது, வேருக்கு உரம் ஏது? உயிர் கொடுக்கிற குணத்தையே குற்றமாக்கி ஊரை மிரட்டுகிறான், அந்த மெஷின் விற்கிற கடன்காரன்.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

15 ஏப்ரல், ஞாயிறு

செய்துவிட்டேன்.

அந்த ஆள் மறுபடி டம்ளரோடு வந்தான். அவன் தண்ணீரிலேயே உப்புப் போட்டுக் காட்டினேன், அதுவும் பழுப்பாகிச் சேறானது. "உப்புத் தண்ணிய யார் மேடம் குடிப்பாங்க?" என்றான். மறுபடி சிரிப்பு.

விறுவிறுவென்று வீட்டுக்குப் போனேன். பூஜை அலமாரியில் மாமியார் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு. கடைசி மூச்சில் வாயில் ஊற்றுவதற்காக ஈயம் வைத்து அடைத்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன்.

கூட்டத்துக்குக் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றி, "இதுல விடுங்க" என்றேன். என்ன தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை. பழுப்பாகிச் சேறாகி அடியில் படிந்தது.

"இது அதைவிட விஷம் மேடம்!"

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "கங்கை ஜலம். விஷமாம். அவாவா ஆத்துச் சொம்பைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டிடுங்கோ!"

செயலாளர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிணற்றை மூடக் கை தூக்கியவர் செயலாளர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "அம்மாவோட கடைசித் தண்ணிடி அது. மனுஷியா நீ?" என்றார்.

16 ஏப்ரல்

மாமியார் நான் கொடுத்த காபியைத் தொடவில்லை. சொம்பைத் திறந்தது தப்புதான். ஆனால் கோபம் போகவில்லையே, என்ன செய்ய?

3 ஜூன்

வீட்டில் மெஷின் மாட்டியாகிவிட்டது. ஒரு குடம் வடிகட்ட மூன்று குடம் வீணாக வெளியே போகிறது. இவர் அதைப் பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். மாமியார், "சப்புன்னு இருக்கு" என்று ஒரு வாயோடு சரி. கிணற்றுத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்.

இன்று மாமியாரே ஆட்டோ பிடித்து, தாம்பரம் மார்க்கெட் பாத்திரக் கடையில் சொம்புக்கு ஈயம் வைத்துக்கொண்டு வந்தார். தூக்கிப் பார்த்தேன். நிறைந்த கனம்.

"பாதிதானேம்மா மிச்சம் இருந்தது?"

"மீதிக்கு நம்ம கிணத்துத் தண்ணி. அதுக்குத்தானே அந்த ஆட்டம் ஆடினே?"

அலமாரியைச் சாத்திவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

"நீதான் ஊத்தணும். அதுவரைக்கும் இதுல கை வெச்சே, ஒடிச்சுடுவேன்."