ஆறாவது ஜாக்கெட்

மார்ச் 14, வெள்ளி

ஊர் வந்து ஒன்பது நாள். காலை ஜீப்பில் ஏற்காடு போய் ஹரிஹரன் சாரைப் பார்த்தேன். ஏரிக்கு மேலே இருக்கும் ஓட்டலின் மேனேஜர், சேலத்துக்காரர். நீச்சல் குளத்தையும் ரிசப்ஷனையும் சேர்த்துப் பார்க்க ஆள் தேடுகிறாராம்.

“கரீபியன் தீவு ரிசார்ட்டுல நாலு வருசம் இருந்தவங்க இந்த மலையில வேற யாருங்க இருக்காங்க? அங்கிருந்து ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க சிவசக்தி, போதும்.”

மஞ்சக்குட்டையிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் வேலை என்றதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. “இனிமே அந்தக் கடலுக்குப் போவ மாட்டீல்ல கண்ணு?”

மாட்டேன் என்றேன். காண்ட்ராக்ட் முடியும் முன்பே வந்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 15

சர்டிபிகேட் கேட்டுத் தீவுக்கு மெயில் போட்டாயிற்று.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு நாள் மழைக்குக் காப்பி பூத்துவிட்டது. வீட்டுக்குள் வரை வாசனை. அம்மா ராகி புடைத்துக்கொண்டே கேட்டாள்: “அந்தத் தண்ணிக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?”

சொல்லிப் பார்த்தேன். முதல் வருடம் அறை சுத்தம் செய்யும் வேலை. நீச்சல் கற்றதே இரண்டாம் வருடம்தான், இருபத்தெட்டு வயதில். எங்கள் கரையில் படகே வேண்டாம். மாஸ்க் கண்ணாடியில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவி, காலில் மீன் துடுப்பு மாதிரி ஃபின் மாட்டி, பின்பக்கமாக நடந்து இறங்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை. சிலிண்டர் கட்டியவர்கள் அதே கரையிலிருந்து ஆழத்துக்குப் போய்விடுவார்கள். குழாயைக் கவ்விக்கொண்டு மேலேயே மிதப்பவர்களுக்கு, மூன்றாம் வருடத்திலிருந்து, நான்தான் கைடு. முகத்தைக் கவிழ்த்ததும் நம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு கறுக் கறுக் என்று ஒரு சத்தம். கிளிமீன்கள் பாறையைக் கடிக்கிற சத்தம்.

“பல்லு கொட்டிப் போயிறாதா அதுக்கு?”

“மொளச்சுக்கிட்டே இருக்கும்மா, சாவுற வரைக்கும்.”

அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜனவரி பதினெட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பஸ் ஸ்டாண்டில் சிக்னல் கிடைத்ததும் மெயில் வந்து விழுந்தது. சர்டிபிகேட் என்று நினைத்துத் திறந்தேன். ஹெலன். ஜனவரியில் எங்கள் கடலில் இறந்துபோன வால்டரின் மனைவி.

ஆங்கிலத்தில் நான்கே பத்தி. விசாரணை அறிக்கை கைக்கு வந்ததாம். ‘லைஃப் ஜாக்கெட் கொடுக்கப்பட்டது, விருந்தினர் மறுத்துவிட்டார்’ என்று அதில் இருக்கிறதாம். இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அவளுக்கு அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தாராம். “நாற்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். கடைசியில் என் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா? அடக்கம் செய்த நாளோடு சரி, அவர் கல்லறைக்கு நான் போகவில்லை. கோபம் விட மாட்டேன் என்கிறது. நீ பக்கத்தில் இருந்தாயே. அவர் மறுத்தபோது என்ன சொன்னார்?”

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோதுதான், வாங்க வந்த எதையும் வாங்கவில்லை என்று தெரிந்தது.

ஏப்ரல் 3

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஜனவரி பதினெட்டு. என்னோடு இறங்க வந்தவர்கள் ஆறு பேர். ஜாக்கெட் ஐந்து. ஆறாவதன் வார் அறுந்து இரண்டு வாரமாகியிருந்தது. ரிசார்ட் மேனேஜரிடம் சொன்னேன், அடுத்த சரக்கில் வரும் என்றார். வால்டர் வரிசையில் கடைசியாக நின்றார். அறுபத்தொன்பது வயது, ஓய்வு பெற்ற டிராம் டிரைவர். “எனக்கு ஒன்று?” என்று கேட்டார். கேட்டார். இரண்டு சொல். நான் சிரித்துக்கொண்டே, “நீங்கள் நன்றாக நீந்துகிறீர்கள், என் பக்கத்திலேயே இருங்கள்” என்றேன். தலையாட்டினார். ஹெலன் தூரத்தில் மர நிழலில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

பாறையைத் தாண்டும்போது ஒரு பெண்ணின் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. அவள் பயந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். சமாதானப்படுத்தி மாட்டிவிட்டேன். மூன்று நிமிடம் இருக்குமா? நான்கு? திரும்பினால் வால்டர் இருபது மீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்தார், முகம் கவிழ்ந்து. மீன் பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தானே மிதப்பார்கள். மீன் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஜாக்கெட் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாருக்கும் தெரியாது.

மறுநாள் மேனேஜர் விசாரணைக்குக் கொடுக்க ஒரு தாளை நீட்டினார். மறுத்துவிட்டார் என்று டைப் செய்திருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் இறங்க முடியவில்லை. மார்ச் வரை ஸ்டோர் ரூமில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, ஊரைப் பார்க்க வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4

பதில் எழுதவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தீவு மேனேஜரிடமிருந்து மெயில். சர்டிபிகேட் தயார், இரண்டு வாரத்தில் அனுப்புவாராம். கீழே ஒரு வரி: ‘ஜனவரி சம்பவம் பற்றி விருந்தினரின் குடும்பத்தோடு நீ பேச வேண்டியதில்லை.’ ஹெலனுக்கு என் மெயில் முகவரியைக் கொடுத்தது யார் என்று தேடுகிறார்களோ?

ஹரிஹரன் சார் போன் செய்தார். “மே ஒண்ணாந்தேதி சேந்துருங்க. மலர்க் கண்காட்சிக் கூட்டம் வந்துருமுங்க.”

ஏப்ரல் 12

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு எழுதப் போறியா?”

“எழுதணும்மா.”

“எழுத வேண்டாம் கண்ணு. வேத்து நாட்டுக் கேசு. உன்னய அங்க கூட்டிட்டுப் போயி உள்ள வெச்சிட்டா நான் எங்க வந்து தேடுவேன்? எனக்கு எந்தத் தெச தெரியும்?”

“அவரு ஜாக்கெட்டு கேட்டாரும்மா. நான் இல்லைன்னேன். அவரே வேண்டாம்னுட்டாருன்னு கையெழுத்தும் போட்டேன். அந்தம்மா செத்தவரு மேல கோவமா இருக்காங்க.”

“இருந்துட்டுப் போவட்டும். எம்மவ எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதினேன். ஏழு தடவை அழித்து எழுதினேன். முதலில் என் பயம், காண்ட்ராக்ட், மேனேஜர் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது இது: ‘அவர் மறுக்கவில்லை. கேட்டார். நான் கொடுக்கவில்லை. அறிக்கையில் இருப்பது பொய். அதில் நான் கையெழுத்துப் போட்டேன்.’

சிக்னலுக்காகப் பெரிய ரோடு வரை நடந்து போய் அனுப்பினேன்.

அம்மாவிடமும் சொன்னேன். அவள் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 22

பதில் இல்லை. அம்மாவும் என்னோடு பேசவில்லை. வேலை இருந்தால் சொல்கிறாள், அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

ஹெலன் எழுதியிருக்கிறாள்.

“மூன்று வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். உன்னை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை, அதனால் அப்படி எழுத மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வால்டரிடம் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். இதையே அவர்களிடமும் சொல்வாயா?”

சொல்வேன் என்று பெரிய ரோட்டிலேயே நின்று பதில் போட்டேன். மன்னித்தேன் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மே 9

சர்டிபிகேட் வராது. மேனேஜர் ஒரே வரியில் எழுதிவிட்டார். ஏற்கெனவே எட்டு நாள் பொறுத்த ஹரிஹரன் சாரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா பேப்பர் இல்லாம ஓனரு ஒத்துக்க மாட்டாருங்க. அதும் இந்த விசயம் தெரிஞ்சா...”

“தெரியும் சார்.”

ஜூன் 2

நாகலூரில் காட்டேஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலை. ஆறு அறை. குளம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

சாட்சி சொல்லிவிட்டேன்.

வீடியோவில் பேச நல்ல நெட் வேண்டும். ஹரிஹரன் சார் தன் ஓட்டலின் மீட்டிங் ஹாலைத் திறந்துவிட்டார். “கதவச் சாத்திக்கங்க. யாரும் வராம நான் பாத்துக்கறேன்.” நமக்கு மாலை ஆறரை, அங்கே காலை. விசாரணை அதிகாரி ஒரு பெண், நிதானமாகக் கேட்டாள். திரையின் ஓரச் சதுரத்தில் ஹெலன். என் நினைவில் இருந்ததைவிடச் சின்ன உருவம்.

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டார்கள். பயந்தேன் என்றேன். எதற்குப் பயம்? வேலைக்கு. மேனேஜர் மிரட்டினாரா? இல்லை. பேனாவை நீட்டினார், அவ்வளவுதான்.

அவர் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்று ஹெலனே கேட்டாள். சொன்னேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தால் அம்மா ரிசப்ஷன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், கூந்தலெல்லாம் மழைச் சாரல். நான் வரச் சொல்லவில்லை. ஜீப்பில் தனியாக வந்திருக்கிறாள். “முடிஞ்சுதா?” என்றாள். முடிந்தது என்றேன். அவ்வளவுதான் பேசினோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

லீவு. காலையிலிருந்து எங்கள் காட்டில் காப்பிப் பழம் பறித்தோம். மத்தியானம் ரோட்டுப் பக்கம் போனபோது ஹெலன் அனுப்பிய புது அறிக்கை வந்து சேர்ந்தது. கூடவே வேறு ஒன்றும் எழுதவில்லை.

களத்தில் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். விருந்தினர் ஜாக்கெட் கேட்டார், கொடுக்கப்படவில்லை. நிர்வாகம் தெரிந்தே பொய்யாகப் பதிவு செய்தது. எல்லா உபகரணமும் சரியாகும் வரை அங்கே யாரையும் கடலில் இறக்கக் கூடாது. கைடு அவரைப் பார்வையிலிருந்து தவறவிட்டார். கைடுக்கு அந்தத் தீவில் இனி உரிமம் கிடையாது. அந்த வரியையும் விடாமல் படித்தேன்.

அம்மா வேலையை நிறுத்தாமலே கேட்டாள்: “உம்பேரு போட்டிருக்குதா அதுல?”

“போட்டிருக்குதும்மா. இவங்க சொன்னதாலதான் தெரிய வந்துச்சுன்னு.”

“ஊரு?”

“மஞ்சக்குட்டை, இந்தியான்னு போட்டிருக்குது.”

கொஞ்ச நேரம் பழங்களைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“சேர்வராயன் மலைன்னும் சேத்துப் போட்டிருக்கலாம்” என்றாள்.