எலுமிச்சை முள்ளில் ஓணான்

அக். 21, திங்கள்

தூறல். கோட்டை மலை பாதி மேகத்துக்குள். இன்றும் படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழலாமாம், டாக்டரம்மா உத்தரவு. முதல் இரண்டு கருவும் தங்கவில்லை, இதற்கு இது ஐந்தாம் மாதம். ஜன்னல்தான் எனக்கு ஊர்.

கொல்லை எலுமிச்சை உச்சியில் புதுக் குருவி. பழுப்பு முதுகு, செம்பழுப்பு வால், கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை. திருட்டு முழி. காலையிலேயே காட்டுக் கத்தல். சின்னானோ? கொண்டை இல்லையே.

மத்தியானம் பின்வீட்டுச் செல்வியக்கா. நெல்லிக்காய், உப்பு, மிளகாய்த்தூள். அவள் வராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அக். 22, செவ்வாய்

கரண்ட் இல்லை. கொல்லையில் அத்தை அலறல். எலுமிச்சை முள்ளில் குட்டி ஓணான் ஒன்று, வெட்டுக்கிளி இரண்டு, குத்தி வைத்தபடி.

"எவளோ செய்வினை வச்சிருக்காடி! புள்ளத்தாச்சி ஜன்னலுக்கு நேரா! அந்தச் செல்விதான். அவளுக்குத்தான் ஒண்ணும் தங்கலியே, வயிறு எரியாதா?"

"அக்கா அப்படியில்ல அத்தை."

"உனக்கு இன்னா தெரியும்? படு."

ஜன்னலைச் சாத்தி வேப்பிலை சொருகினாள். மத்தியானம் வாசலில் அக்கா குரல். "இனிமே இங்க வராத" என்றாள் அத்தை. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. எழுந்து ஓட முடியாது. புழுக்கம். அழுதேன்.

அக். 23, புதன்

போனில் தேடினேன். பழுப்புக் கீச்சான்! குளிருக்கு வடக்கேயிருந்து வருமாம். பங்குனி வாக்கில்தான் திரும்புமாம், அதுவரை ஒரே தோட்டம். இரையை முள்ளில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னுமாம். அடப்பாவி.

அத்தையிடம் காட்டினேன். "போன்ல ஆயிரம் வரும்."

அக். 24, வியாழன்

வெயில். அத்தைக்குத் தெரியாமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். அவள் என் கால் பிடித்துவிட வந்த நேரம், வெட்டுக்கிளியோடு குருவி.

"சத்தம் போடாம பாருங்க அத்தை."

முள்ளில் வைத்து இழுத்தது. நழுவியது. மறுபடி இழுத்தது. குத்தி நின்றது.

"ஐயோ, இந்தக் குருவியா!" என் பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வேப்பிலையை எடுத்துப் போட்டு இரண்டு கதவையும் திறந்தாள். காற்று!

சாயந்திரம் தூக்கில் பாயசத்தோடு அக்கா வீட்டுக்குப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள், சிரித்தாள்கூட. எனக்கு உயிர் வந்தது.

அக். 26, சனி

மழை. நேற்றும் அக்கா வரவில்லை. துணி எடுக்க வெளியே வந்தவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கீச்சான பாக்க வாயேன்!"

"இல்லம்மா. நான் வந்து போயி, உனக்கு எதுனா ஆச்சின்னா எம்மேலதான் வரும். நல்லபடியா பெத்துக்கோ. அப்பறம் வர்றேன்."

துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மாசியில்தான் பிரசவம். ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது.